கேள்வி-பதில்: பட்ட மரத்தில் ஒரு சிவப்பு

கேள்வி: வணக்கம் டீச்சர். எங்கள் புளோக்குக்குப் பின்னால் நடைபாதை ஓரம் கிடக்கும் பட்ட மரத்துண்டில் குங்குமம் பூசினாற்போல் சிவப்புக் காளான் தட்டுத் தட்டாக வளர்ந்திருக்கிறது. தொட்டால் தோல் போலக் கெட்டியாக இருக்கிறது. இத்தனை நிறம் இருந்தால் விஷம்தான் என்கிறார் மாமியார். அது கிருமியைக் கொல்லும் மருந்து என்கிறாள் மகள். கஷாயம் வைக்கலாமா? (வாசகி, ஈசூன்)

பதில்: வைக்காதீர்கள் அம்மா. அது பெரும்பாலும் பிக்னோபோரஸ் சாங்குனியஸ் என்ற காளானாக இருக்கும். நம் சிங்கப்பூர் வெயிலிலும் மழையிலும் பட்ட மரத்தைத் தின்று வளர்வது. அந்தச் சிவப்புக்குக் காரணமான நிறமிகளில் ஒன்றின் பெயர் சின்னபாரின். சித்த வைத்தியத்தில் சாதிலிங்கம் என்கிறார்களே, அதன் மேல்நாட்டுப் பெயரிலிருந்து வந்தது. பெயர்தான் ஒட்டிக்கொண்டது, சாதிலிங்கத்தில் உள்ள பாதரசம் இதில் இல்லை.

மகள் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. இந்தக் காளானின் சாறு ஆய்வுக்கூடத் தட்டில் சில பாக்டீரியாக்களை வளரவிடாமல் தடுக்கிறது. ஆனால் தட்டில் நடப்பது வயிற்றில் நடக்கும் என்று நம்பிவிடக் கூடாது. வேறொரு காளானிலிருந்து ப்ளூரோமுட்டிலின் என்ற பொருளை 1951இல் பிரித்தெடுத்தார்கள். அதை மாற்றியமைத்து மனிதர் தோலில் தடவும் களிம்பாக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2007இல். நிமோனியாவுக்கு மாத்திரையாகவும் ஊசியாகவும் வந்தது 2019இல். அறுபத்தெட்டு ஆண்டு உழைப்பை நாம் ஒரு மாலையில் அடுப்பில் முடித்துவிட முடியாது.

மாமியாரின் கணக்கும் சரியல்ல, அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். நிறம் வேறு, நஞ்சு வேறு. படக்கதைகளில் வருமே, வெள்ளைப் புள்ளி போட்ட சிவப்புக் காளான், அதன் சிவப்பு பீட்ரூட் நிறமியின் உறவு. மயக்கும் நஞ்சான மஸ்கிமோலுக்கு நிறமே கிடையாது. ஐரோப்பாவில் ஈரலை அழித்துக் கொல்லும் காளானோ வெளிறிய பச்சையில் சாதுவாக நிற்கும். கொதிக்க வைத்தாலும் அதன் நஞ்சு போகாது.

நான் இதில் இவ்வளவு கறாராக இருக்க ஒரு காரணம் உண்டு. பல வருஷங்களுக்கு முன், டிசம்பர் மழை விட்ட ஒரு காலையில், எதிர்வீட்டு அக்கா திடலில் பூத்த வெள்ளைக் குடைக்காளான்களைப் பறித்து வந்தார். புதுக்கோட்டைப் பக்கத்தில் சின்ன வயதில் தின்ற புற்றுக்காளான் என்றே நினைத்துவிட்டார். பூண்டு போட்டு வேகவைத்தார். நஞ்சு இருந்தால் பூண்டு கறுக்கும் என்பது அவர் நம்பிக்கை. பூண்டு கறுக்கவில்லை, சாப்பிட்டார். இரண்டு மணி நேரத்தில் ஓயாத வாந்தி. ஆம்புலன்ஸ் வந்து, மருத்துவமனையில் இரண்டு நாள் சொட்டுநீர் ஏற்றினார்கள். மிச்சமிருந்த ஒரு குடையை வெள்ளைத் தாளில் கவிழ்த்து மேலே கிண்ணம் மூடி வைத்தேன். விடிந்து எடுத்தால் தாளில் மங்கிய பச்சைத் தூள், விசிறி விரித்தாற்போல். பச்சை வித்துத்தூள் உதிர்க்கும் நச்சுக்காளான், குளோரோபில்லம் மொலிப்டைட்டிஸ். இளசாக இருக்கும்போது குடைக்கு அடியில் எல்லாம் வெள்ளைதான், முற்றினால்தான் பச்சை காட்டும். பூண்டு எதையும் காட்டாது.

அந்த மரத்துண்டை அங்கேயே விட்டுவிட்டு, மகளைப் படமெடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கீறினால் நீலமாக மாறும் காளான் உண்டாமே? அது நஞ்சின் அடையாளமா? (வாசகர், தெம்பனிஸ்)

பதில்: இல்லை. ஆரத்தித் தட்டில் மஞ்சள்நீரில் சுண்ணாம்பு விழுந்ததும் சிவக்கிறதே, அதுபோல் ஒரு நிறமாற்றம், ஆனால் இங்கே வேலை செய்வது காற்று. பொலீட் வகைக் காளான்களின் சதையில் வேரியகேட்டிக் அமிலம் போன்ற மஞ்சள் நிறமிகள் இருக்கின்றன. வெட்டியதும் ஆக்சிஜன் பட்டு நீலமாகின்றன. நீலமாகிறவற்றில் உண்ணக்கூடியதும் இருக்கிறது, ஆகாததும் இருக்கிறது.

கேள்வி: ஈரச் சந்தையில் வாங்கும் ஷிட்டாக்கே காளானை வெயிலில் வைத்தால் சத்து கூடுமா? (வாசகி, உட்லண்ட்ஸ்)

பதில்: கூடும். காளானில் உள்ள எர்கோஸ்டெரால் புற ஊதாக் கதிர் பட்டால் வைட்டமின் டி2 ஆகிறது. ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே வைத்தால் பலனில்லை, அந்தக் கதிரைக் கண்ணாடி பெருமளவு தடுத்துவிடும். நறுக்கியோ, அடிப்பக்கம் மேலே தெரியும்படியோ நடுப்பகல் வெயிலில் நேராக வையுங்கள்.