தாத்தா வீட்டில் வாசகசாலை வைக்கலாமா?

கேள்வி: தக்கலை பக்கத்தில் தாத்தா காலத்து ஓட்டு வீடு, மச்சும் நெல்லறையும் உண்டு. ரொம்ப நாளாகப் பூட்டிக் கிடக்கிறது. ஊர் வாசகசாலைக்குக் கொடுக்க நினைக்கிறோம். கொத்தனார், ‘ஓட்டைப் பிரித்துவிட்டு கான்கிரீட் போடுங்க’ என்கிறார். வீடு தாங்குமா?

பதில்: கொத்தனார் மச்சில் ஏறிப் பார்த்தாரா, முற்றத்தில் நின்றே சொன்னாரா? 10 சென்டிமீட்டர் கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்கு 250 கிலோ. ஒற்றை ஓடும் அதைத் தாங்கும் பட்டியல் சட்டங்களும் சேர்ந்து அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. அந்தப் பாரத்தைப் பழைய சுண்ணாம்புச் சுவரின் தலையில் ஏற்ற நான் சம்மதிக்க மாட்டேன்.

நம் மாவட்டத்தில் ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. அதனால் பொறியாளரை மழை நாளில் கூப்பிடுங்கள். இரண்டு சரிவு சேரும் மூலையில்தான் முதலில் ஒழுகும். ஓட்டுக்கு அடியில் சரிவாகப் போகும் கழுக்கோல் மரம் நடுவில் நன்றாக இருப்பதுபோலத் தெரியும். சுவரில் உட்காரும் முனைதான் உளுத்திருக்கும். அங்கே ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அயினி, பலா மரம் என்றால் வெளியே உள்ள வெள்ளைப் பகுதியைக் கறையான் தின்றிருந்தாலும் உள்ளே வைரம் பாய்ந்த கெட்டிப் பகுதி மிஞ்சியிருக்கலாம். கெட்ட முனையை மட்டும் அறுத்துவிட்டுப் புதுத்துண்டு சேர்க்க நல்ல ஆசாரிக்குத் தெரியும். பத்மநாபபுரம் அரண்மனை உங்கள் பக்கத்தில்தானே, 18-ஆம் நூற்றாண்டு மரவேலை அங்கே ஓட்டுக்குக் கீழேதான் நிற்கிறது.

சுவர் விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டித் தேதி எழுதுங்கள். ஒரு மழைக்காலத்துக்குள் கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம். அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்க்க வேண்டும். சிமென்ட் பூச்சு இருந்தால் அதைச் சுரண்டிவிட்டு சுண்ணாம்பே பூசுங்கள். சிமென்ட் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும்.

அப்புறம் புத்தகம். குடியிருக்கும் வீட்டுத் தளத்துக்கு நம் நாட்டுத் தர விதி சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ கணக்கிடச் சொல்கிறது. புத்தக அலமாரி அறைக்கு 600! மச்சில் ஒரு அலமாரிகூட ஏற்றாதீர்கள். ஆனால் உங்கள் நெல்லறை இருக்கிறதே, அது எனக்குப் பிடித்திருக்கிறது. நெல்லை ஒரு மீட்டர் உயரம் குவித்தால் ஏறத்தாழ அதே 600 கிலோதான் வரும். அந்தப் பாரத்துக்கென்றே கட்டிய தளம் அது. பலகைக்கு அடியில் கறையான் புற்று இல்லையென்று பார்த்துவிட்டால் புத்தகங்களை அங்கேயே அடுக்கலாம். வாசிக்கிறவர்களைத் திண்ணையிலும் கீழ் அறையிலும் உட்கார வையுங்கள்.

கொத்தனாருக்கு வேலை இல்லாமல் போகாது. கூரை உச்சியில் உள்ள மோட்டு ஓடு மாற்றவும் சுண்ணாம்பு பூசவும் அவர்தான் வேண்டும், சுண்ணாம்பு வேலை தெரிந்தவராக இருந்தால்.