அப்பாவின் எம்.ஜி.பி: ரிப்பேர் பார்ப்பதா, விற்பதா?

கேள்வி: காலமான அப்பா ஒரு 1967 எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் (நிலையான கூரை இல்லாத பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) விட்டுச் சென்றிருக்கிறார். திருவான்மியூர் வீட்டு ஷெட்டில் நிற்கிறது. சிக்னலில் கொஞ்ச நேரம் நின்றாலே ஹீட் ஏறி ஆஃப் ஆகிவிடுகிறது. இன்ஜினை இறக்க வேண்டும், ஆறு லட்சம் ஆகும் என்கிறார் மெக்கானிக். இருக்கிறபடியே நாலு லட்சத்துக்கு எடுத்துக்கொள்கிறேன், ஆர்.சி. புக்கும் கையெழுத்துப் போட்ட படிவமும் கொடுங்கள் என்கிறார் ஒரு புரோக்கர். என்ன செய்யலாம்?

பதில்: இப்போதைக்கு இன்ஜினை இறக்க விடாதீர்கள். புரோக்கரிடம் ஒரு தாள்கூடக் கொடுக்காதீர்கள். இந்தக் கார் தேறுமா தேறாதா என்பதை முடிவு செய்வது இன்ஜின் அல்ல, சில். கதவுக்குக் கீழே, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே பெட்டி மாதிரி ஓடும் தகடுதான் அது. எம்.ஜி.பி.க்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடியேதான் சேஸிஸ். ரோட்ஸ்டருக்குக் கூரையும் இல்லாததால் பாரத்தில் பெரும்பகுதி சில்லில்தான் இறங்குகிறது. கடல் காற்று முதலில் தின்பதும் அதைத்தான்.

நீங்களே பார்த்துவிடலாம். கதவைச் சாத்தி, அதன் பின்விளிம்புக்கும் பாடிக்கும் உள்ள இடைவெளியை மேலும் கீழும் அளந்துகொள்ளுங்கள். ஜாக்கி வைத்து அந்தப் பக்கத்தைத் தூக்கி மறுபடி அளங்கள். இடைவெளி மாறினால், அல்லது கதவு இறுகினால், சில் உளுத்துவிட்டது. அடுத்து ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி சில் நெடுக ஓட்டுங்கள். ஒட்டாத இடமெல்லாம் பட்டி, அதாவது துருவை மறைக்கப் பூசிய பூச்சு. உள்ளே தரைவிரிப்பைத் தூக்கி, தரைத்தகடு சில்லோடு சேரும் ஓரத்தை ஸ்க்ரூடிரைவர் நுனியால் குத்துங்கள். உள்ளே போனால் வெளியே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் பிரயோஜனமில்லை.

சில் என்பது ஒரே தகடு இல்லை. வெளித்தகடு, உள்தகடு, அடியில் ஓடும் ரெயில் எல்லாம் சேர்ந்ததுதான். வெளித்தகட்டை மட்டும் புதிதாக ஒட்டி பெயிண்ட் அடித்துத் தருவது டிங்கரிங் இல்லை, மோசடி. ஒழுங்காகச் செய்பவர் கதவுத் திறப்பில் குறுக்கே இரும்புக் குழாயை வெல்டு வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கத்தை வெட்டுவார். இரண்டையும் ஒரே சமயத்தில் வெட்டினால் கார் நடுவில் தொய்ந்துவிடும். அதன்பின் கதவு சரியாகச் சாத்தாது.

சில் திடமாக இருந்தால் ஹீட் விஷயம் பெரிதல்ல. வருஷக்கணக்காக போர்வெல் தண்ணீர் ஊற்றிய ரேடியேட்டரில் உப்பு படிந்து கோர் (தண்ணீர் ஓடும் மெல்லிய குழாய்களின் அடுக்கு) அடைத்திருக்கும். இன்ஜினைச் சூடாக்கி ஆஃப் செய்துவிட்டு, கையை கோர் அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரியாத இடத்தில் அடைப்பு. கோரை மாற்றி, தெர்மோஸ்டாட்டையும் மாற்றி, இக்னிஷன் டைமிங்கை (ப்ளக் பொறி விடும் நேரத்தை) சரிபாருங்கள். டைமிங் பின்தங்கினாலும் ஹீட் ஏறும்.

ஆஃப் ஆவதற்குக் காரணம் வேறாகவும் இருக்கலாம். இந்த இன்ஜினில் இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டரும் சைலன்சர் மேனிஃபோல்டுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். வண்டி நின்றதும் அந்தச் சூட்டில் ஆவியாகிவிடும். பழைய ரப்பர் ஹோஸ் எத்தனாலில் ஊறி உதிர்ந்து, கார்புரேட்டருக்குள் பெட்ரோலை விடும் நீடில் வால்வையும் அடைக்கும். எத்தனால் தாங்கும் ஆர்-9 ரக ஹோஸ் போட்டு, கார்புரேட்டருக்குப் பின்னால் இருக்க வேண்டிய ஹீட் ஷீல்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆறு லட்சம் கேட்பவரிடம் கம்ப்ரஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கும் சோதனை) எடுக்கச் சொல்லுங்கள். இன்ஜின் சூடாக, நாலு ப்ளக்கும் கழற்றி, ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்தி செல்ஃப் அடிக்க வேண்டும். நாலும் 150 பி.எஸ்.ஐ. பக்கம் வந்து, வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருந்து, சூடான நிலையில் ஓடும்போது ஆயில் பிரஷரும் 50 பி.எஸ்.ஐ.க்குக் குறையவில்லை என்றால் இன்ஜினை இறக்க வேலையே இல்லை. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் மட்டும் குறைந்தால் பெரும்பாலும் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். ஹெட்டைக் கழற்றினால் போதும்.

பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டையில் 'அம்பாசிடர் கிராங்க் உட்கார்ந்துடும் சார்' என்று இன்ஜினின் கிராங்க் தண்டைக் காட்டிச் சொன்னால் நம்பாதீர்கள். இரண்டு கார்களின் இன்ஜினும் ஒரே பி சீரிஸ் குடும்பம்தான். ஆனால் அம்பாசிடருடையது 1489 சிசி, கிராங்கைத் தாங்க மூன்று பேரிங். உங்களுடையது 1798 சிசி, ஐந்து பேரிங். பிளாக்கில் ரிவெட் அடித்த தகட்டில் இன்ஜின் நம்பர் 18 என்று தொடங்கி ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். யாரோ எப்போதோ இன்ஜின் மாற்றி, ஆர்.சி.யில் ஏற்றாமல் விட்டிருந்தால் விலை வெகுவாகக் குறைந்துவிடும்.

இனி காகிதம். கார் இன்னும் அப்பா பெயரில் இருக்கிறது. உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-ல் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். தாமதமாகியிருந்தாலும் வழி அதுதான்: இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம். 'உங்க பேருக்கு எதுக்கு சார், நேரா பார்ட்டி பேருக்கே மாத்திடலாம்' என்பார் புரோக்கர். இறந்தவர் கையெழுத்தைப் போலியாகப் போட்டால்தான் அது நடக்கும். பெயர் உங்களுக்கு மாறிய பிறகும் விற்பனைக்கான வெற்றுப் படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். ஆர்.சி.யில் பெயர் மாறாத வரை விபத்துக்குப் பொறுப்பு பதிவு உரிமையாளருக்கே என்று 2018-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இவ்வளவு தெளிவாக இருந்தும், புத்தக ஆர்.சி. காலத்து வண்டியைக் கம்ப்யூட்டரில் ஏற்றவே ஜனங்களை நடையாய் நடக்கவிடுகிறார்கள். அந்த அலைச்சலில்தான் புரோக்கர் பிழைக்கிறார்.

50 வயது தாண்டிய காருக்கு 2021 முதல் விண்டேஜ் பதிவு உண்டு. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டு, ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். ஆனால் தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல், சர்வீஸ் மட்டும். பாடியிலோ இன்ஜினிலோ மாற்றம் செய்திருந்தால் கிடைக்காது. அதனால் சில்லை ரிப்பேர் செய்தால், வெட்டும் முன்னும் பின்னும் போட்டோ எடுத்து பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள்.

சில் நன்றாக இருந்தால் ரேடியேட்டர், ஹோஸ் வேலையை மட்டும் முடித்து ஓட்டுங்கள். பிறகு விற்றாலும் ஓடுகிற வண்டியாக விற்கலாம். சில் போய்விட்டது, ஒரு வருஷம் பட்டறைக்கு அலைய முடியாது என்றால் விற்றுவிடுங்கள், அதில் தப்பில்லை. ஆனால் பெயர் மாற்றிய பிறகு, பிரிக்காமல், ஒரு நட்டு குறையாமல், நேராக சேகரிப்பவரிடம் விற்றுவிடுங்கள். பிரித்துப் போட்ட எம்.ஜி.பி.யை எடைக்குத்தான் கேட்பார்கள்.