இரண்டும் பெண் என்று விற்றார். 43ஆம் நாள் குட்டி போட்டது

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். மகளின் பிறந்தநாளுக்கு ஜனவரி 12ஆம் திகதி நுவரெலியாவில் ஒரு கடையில் இரண்டு கினிப் பன்றிகள் வாங்கினோம். சோடி 6,000 ரூபாய். "இரண்டும் பெண், பயப்படாமல் கொண்டுபோங்கள்" என்று கடைக்காரர் சொன்னார். பற்றுச்சீட்டிலும் 'பெண் 2' என்று எழுதித் தந்தார். பெப்ரவரி 24 இரவு ஒன்று இரண்டு குட்டிகளைப் போட்டுவிட்டு, விடியும் முன் செத்துவிட்டது. வீட்டுக்குப் பின்னால் புதைத்தோம். மற்றது ஆண் என்று மிருக வைத்தியர் சொன்னார். கடைக்காரரிடம் கேட்டால், "உங்கள் வீட்டில்தான் சேர்ந்திருக்கும், சாப்பாடும் ஒழுங்காகக் கொடுத்திருக்க மாட்டீர்கள்" என்கிறார். "அந்தக் குட்டிகள் என் கடைச் சரக்கு, கொண்டுவந்து தந்தால் வேறொன்று தருகிறேன், முறைப்பாடு செய்தால் அனுமதியில்லாமல் மிருகம் வளர்த்ததாக உங்களைத்தான் பிடிப்பார்கள்" என்றும் மிரட்டுகிறார். பற்றுச்சீட்டின் அடியில் 'விற்ற பொருள் மீளப் பெறப்படாது' என்று அச்சடித்திருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: டீச்சர், முதலில் கலண்டரை எடுங்கள். உங்கள் பக்கத்துக்குப் பெரிய சாட்சி அதுதான். கினிப் பன்றியின் சினைக்காலம் ஏறக்குறைய 59 முதல் 72 நாள். எலி, முயல் போல ஒரு மாதத்தில் குட்டி போடுகிற சாதி இல்லை இது. நீங்கள் வாங்கிய நாளிலிருந்து குட்டி போட்ட நாள் வரை 43 நாள். ஆகக் குறைந்த கணக்கில் பார்த்தாலும், கடையை விட்டு வெளியே வரும்போதே அது 16 நாள் சினை. 'உங்கள் வீட்டில் சேர்ந்தது' என்ற கதை அத்தோடு முடிந்தது.

இனிக் கடைக்காரரின் அடுத்த வார்த்தையைப் பாருங்கள். குட்டிகள் தன் கடைச் சரக்கு என்கிறார். அப்படியானால் சினையான மிருகத்தைத்தான் விற்றேன் என்று தன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறார். இப்படி ஒருவர் தானாகவே வந்து மாட்டிக்கொள்வதை என் தொழிலில் அடிக்கடி காண முடியாது. அதைத் தொலைபேசிச் செய்தியில் அனுப்பியிருந்தால் அழித்துவிடாதீர்கள். தாய் யாருக்குச் சொந்தமோ குட்டியும் அவருக்கே சொந்தம். நீங்கள் காசு கொடுத்துத் தாயை வாங்கியபோது வயிற்றில் இருந்ததும் உங்களுடையதாகிவிட்டது. எழுத்தில் இணக்கம் வரும் வரை குட்டிகளைக் கொடுக்க வேண்டாம்.

சட்டத்தின் கண்ணுக்கு உங்கள் மகளின் கினிப் பன்றி ஒரு பொருள்தான். கேட்கக் கஷ்டமாக இருக்கும், ஆனால் இங்கே அதுவே உங்களுக்கு உதவி. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, விவரம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும். 'பெண் 2' என்று எழுதிவிட்டு ஆண் ஒன்றைக் கொடுப்பது அதை மீறுவது. அச்சடித்த வரியை நினைத்துப் பயப்படாதீர்கள். மனம் மாறித் திருப்பிக் கொண்டுவருகிறவருக்கு வேண்டுமானால் அது பதிலாகலாம். காசு கொடுத்த பிறகு கைக்கு வந்த துண்டில் உள்ள ஒரு வரி, சொன்னது ஒன்று கொடுத்தது ஒன்று என்பதை மறைத்துவிடாது.

அனுமதியில்லாமல் வளர்த்ததாகப் பிடிப்பார்கள் என்ற மிரட்டல் வெறும் பூச்சாண்டி. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நம் காட்டு உயிர்களைக் காப்பதற்கு. கினிப் பன்றி தென்னமெரிக்க அந்தீஸ் மலைப் பக்கத்தில் ஆயிரக்கணக்கான வருடங்களாக மனிதர் வளர்த்துவரும் வீட்டுப் பிராணி. அதை வளர்ப்பது குற்றமென்றால், கூட்டில் அடுக்கி வைத்து விற்றவரை அல்லவா முதலில் பிடிக்க வேண்டும்? மிருக வதைச் சட்டத்தில் பொலிஸுக்குப் போக நினைத்தால், வேண்டாம். அது 1907ஆம் ஆண்டுச் சட்டம்; அதில் எழுதிய அபராதம் 100 ரூபாய் வரைதான். தவிர, சினையை மறைத்து விற்றதை அதற்குள் அடக்குவதும் கடினம்.

அவரிடம் மிஞ்சியிருப்பது சாப்பாட்டுக் கதை ஒன்றுதான். கினிப் பன்றியின் உடம்பு நம்மைப் போலவே விட்டமின் சீயைத் தானாக உண்டாக்காது; உணவில் கிடைக்காவிட்டால் நோயில் விழும். அவர் அதைத்தான் பிடிப்பார். கறிமிளகாய், கொய்யா, பச்சைப் புல் என்று என்ன கொடுத்தீர்கள் என்பதை இப்போதே திகதியோடு எழுதி வையுங்கள். கூட்டின் படம் இருந்தால் எடுத்து வையுங்கள். நுவரெலியாவில் மலிவு என்று லீக்ஸ் போடவில்லையே? வெங்காயச் சாதி அதற்கு ஆகாது. போட்டிருந்தால் என்னிடம் மறைக்காதீர்கள். புதைத்துவிட்டதால் பிரேத பரிசோதனையை மறந்துவிடுவோம். பார்த்த மிருக வைத்தியரிடம் மூன்று விஷயம் எழுதி வாங்குங்கள்: உயிரோடிருப்பது ஆண், செத்தது குட்டி போட்ட பின் செத்தது, சினைக்காலம் இத்தனை நாள்.

இன்னொன்று. குட்டிகளில் பெண் இருந்தால் நாலு கிழமைக்குள் அந்த ஆணைப் பிரித்து வேறு கூட்டில் வையுங்கள். அந்த வயதிலேயே சினையாகக்கூடிய பிராணி அது. தடுக்கக்கூடிய நட்டத்தைத் தடுக்காமல் விட்டுவிட்டு அதற்கும் சேர்த்துக் கேட்டால் யாரும் தர மாட்டார்கள்.

சரி, எங்கே போவது? 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யுங்கள். பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ, மாற்றிக் கொடுக்கவோ, நட்டஈடு கொடுக்கவோ அவர்கள் உத்தரவிடலாம். தமிழிலேயே எழுதலாம், வழி கேட்க 1977க்கு அழையுங்கள். ஆனால் விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போக வேண்டும். உங்களுக்கு அது ஏப்ரல் 12. மறுநாள் வருஷப் பிறப்பு விடுமுறை தொடங்கிவிடும். கடைசி நாள் வரை வைத்திருக்காமல் இந்தக் கிழமையே பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பற்றுச்சீட்டின் மூலப்பிரதியைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், பிரதி மட்டும் போகட்டும்.

அதோடு உங்கள் பகுதி மத்தியஸ்த சபைக்கும் ஒரு விண்ணப்பம் கொடுங்கள். இவ்வளவு சிறு தொகை வழக்கு எப்படியும் முதலில் அங்கேதான் போக வேண்டும். இணக்கம் வரவில்லை என்ற சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் ஏற்காது. அங்கே சட்டத்தரணிகள் தோன்ற முடியாது. எனக்கு நட்டம், உங்களுக்கு லாபம். கலண்டரையும் பற்றுச்சீட்டையும் மேசையில் வைத்து அந்த 43 நாளை எண்ணிக் காட்டுங்கள்.

கேட்கும் தொகையில் சோடியின் விலை, மிருக வைத்தியர் செலவு, பஸ் காசு இவற்றை எழுதுங்கள். மகள் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்ததற்கு விலை போடாதீர்கள். போட்டாலும் கிடைக்காது, கேட்பவர்களுக்கும் நீங்கள் மிகைப்படுத்துவதாகத் தோன்றும். விலையும் வைத்தியச் செலவும் வந்துவிடும் என்று நினைக்கிறேன். அவர் அந்த இடத்திலேயே வேறொரு கினிப் பன்றி தருவதாகச் சொன்னால், வாங்கும் முன் ஆணா பெண்ணா என்று மிருக வைத்தியரிடம் காட்டிவிட்டு வாங்குங்கள்.