பீனால் குடுவை பழுப்பாவது ஏன்?

லிட்டருக்கு 1000 மி.கி. பீனாலில் சூடோமோனாஸ் புட்டிடா பாக்டீரியாவை நேரடியாக விட்டதும் வளர்ச்சி நின்று, திரவம் பழுப்பாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். பீனால் அதற்கு உணவுதான், ஆனால் அளவு மீறினால் நஞ்சு. 100 மி.கி.யில் தொடங்குங்கள், பாக்டீரியா பெருகித் திரவம் நன்றாகக் கலங்கியதும் 5 மி.லி. எடுத்து 200 மி.கி. உள்ள புதுக் குடுவையில் விடுங்கள், பிறகு 400 என்று ஏற்றுங்கள்.

அந்தப் பழுப்பைக் கவனியுங்கள். பெரும்பாலும் பீனால் கேட்டகோல் என்ற இடைப்பொருளாக மாறி, அதன் கார்பன் வளையம் உடையாமல் தேங்கியிருக்கும். தேங்கிய கேட்டகோல் காற்றுப்பட்டுக் கறுக்கும். வளையத்தை உடைக்கும் டைஆக்சிஜனேஸ் நொதிக்கு ஆக்சிஜனும் இரும்பும் கட்டாயம் வேண்டும். ஆகவே 250 மி.லி. குடுவையில் 50 மி.லி.க்கு மேல் வேண்டாம். 30 டிகிரியில், நிமிடத்துக்கு 150 சுற்று வேகத்தில் குலுக்குங்கள். ஊடகத்தில் ஃபெரஸ் சல்பேட் விட்டுப்போயிருக்கிறதா பாருங்கள். இளமஞ்சள் வந்தால் நல்லது, அது வளையம் 'மெட்டா' எனும் வழியில் உடைந்ததால் வரும் விளைபொருள். அமிலம் விட்டால் மறையும். பாக்டீரியா இல்லாத குடுவை ஒன்றையும் கூடவே வையுங்கள், தானாகக் குறையும் பீனாலைக் கழிக்க.