பதில்: தண்டவாளத்தை மாற்றினால் ஹட்டன்–நானுஓயா ரயில் வேகமாகுமா?

புதுத் தண்டவாளமும் அதைக் கீழே தாங்கும் கொங்கிரீட் சிலிப்பரும் போட்டால் நேரம் பாதியாகுமா, மணிக்கொரு ரயில் விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தண்டவாளம் மட்டும் மாறினால் நேரம் பாதியாகாது. வேகத்தைப் பிடித்து வைப்பது வளைவு.

மலைநாட்டுப் பாதையின் இறுக்கமான வளைவுகளுக்கு ஆரை 5 செயின், ஏறக்குறைய 100 மீற்றர். வெளித் தண்டவாளத்தை 75 மில்லிமீற்றர் உயர்த்தி, வேகத்துக்கு வேண்டிய உயர்த்தலில் இன்னும் 75 குறைவதை (பற்றாக்குறை) அனுமதித்தால் கூட்டுத்தொகை 150. அதை ஆரையால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 0.27 ஆல் பெருக்குங்கள்: மணிக்கு 33 கிலோமீற்றர். உயர்த்தலை 100 ஆக்கினாலும் 36 தான். ஆரையை 200 மீற்றராக்கினால் 47 கிடைக்கும். அதற்கு மலையை வெட்ட வேண்டும், மண்சரிவு அபாயமும் கூடும்.

பணத்தை முதலில் கானுக்கு, அதாவது பாதையோர வடிகாலுக்கு, செலவழிக்க வேண்டும். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. கான் அடைபட்டால் மழைநீர் சிலிப்பரைத் தாங்கும் சல்லிக்கற்களுக்குள் தேங்கும், சேறு மேலே ஏறும், சிலிப்பர் ஆடும், உடனே வேகக் கட்டுப்பாடு வரும். சேற்றுச் சல்லியைச் சலித்தெடுத்து, சிலிப்பருக்குக் கீழே 250 மில்லிமீற்றராவது சுத்தமான கருங்கல் சல்லி போட்டால் இழந்த வேகம் திரும்பும். இந்த வளைவுகளில் தண்டவாளத்தை நீளமாகப் பற்றவைப்பதும் ஆபத்து. வெயிலில் விரிந்து பக்கவாட்டில் நெளியும்.

அடிக்கடி ரயில் விடுவது வேறு கணக்கு. ஒற்றைப் பாதையில், எதிரெதிர் ரயில்கள் விலகிப் போகும் இரண்டு சந்திப்பு நிலையங்களுக்கு இடையே 20 நிமிடமும், பாதையில் நுழைய அனுமதியாகும் டெப்லட்டை மாற்ற 5 நிமிடமும் என்றால், ஒரு ரயில் போக, எதிர் ரயில் வர 50 நிமிடம். நடுவில் ஒரு சந்திப்புத் தடம் போட்டால் 20 நிமிட ஓட்டம் 10 ஆகி, அது 30 ஆகும். அந்த இடம் சமதரையாகவும் நீளமான ரயில் முழுதாக ஒதுங்கக் கூடியதாகவும் இருக்க வேண்டும்.