பெரிய நன்னீர் ஏரிகளில் இரைமீன்கள் இருந்தும் அவற்றைத் தின்னும் மீன்கள் மெலிவது ஏன்?

எண்ணிக்கையைவிட, ஒவ்வோர் இரைமீனின் உடலிலும் சேர்ந்திருக்கும் கொழுப்பே இங்கு முக்கியம். அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியின் அடித்தரையில் வாழ்ந்த, கொழுப்பு மிகுந்த டைபோரியா என்னும் இறால் போன்ற சிற்றுயிரி, அயலிலிருந்து வந்த சிப்பியினங்கள் பரவிய 1990-களில் வேகமாக அருகியது. அதை உண்டுவந்த ஏல்வைஃப் என்னும் இரைமீன்களின் உடல் ஆற்றலும் குறைந்ததால், அவற்றைத் தின்னும் ஒரு சால்மன் மீன் அதே அளவு வளர முன்னைவிட அதிக மீன்களை விழுங்க வேண்டியதாயிற்று.

நீளத்துக்கேற்ற எடை இருக்கிறதா என்று பார்ப்பது எளிய வழிதான். ஆனால், கரையும் கொழுப்பின் இடத்தை நீர் நிரப்பிவிடுவதால் தராசு ஏமாற்றக்கூடும், ஆகவே மீனை உலர்த்தி எடைபோடுவதையே நான் நம்புவேன்.

கொழுத்த ஏல்வைஃபிலும் ஒரு சிக்கல் உண்டு: அதிலுள்ள தையமினேஸ் நொதி வைட்டமின் பி1-ஐச் சிதைப்பதால், அதையே மிகுதியாகத் தின்னும் டிரவுட் மீன்களின் குஞ்சுகள் பல இளமையிலேயே மடிகின்றன.