மனசுல எட்டு, கையில ஆறு

அன்புள்ள ஐயா,

என் மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். பதினாறாம் வாய்ப்பாடு வரை தடங்கலில்லாமல் சொல்வாள். தாளில் கணக்குப் போட்டால் பிசகாது. ஆனால் ‘347-ம் 286-ம் எவ்வளவு?’ என்று வாயால் கேட்டால் நடுவில் நின்றுவிடுகிறாள், இல்லாவிட்டால் 533 என்கிறாள். விரல்விட்டு எண்ணினால் வகுப்பில் திட்டு விழுகிறது. ஞாபகசக்தி போதாது, நினைவாற்றல் பயிற்சியில் சேர்த்துவிடுங்கள் என்கிறார்கள். சேர்க்கலாமா?

ம., விருதுநகர்

அன்புள்ள ம.,

பதினாறாம் வாய்ப்பாடு வரை சொல்கிற பிள்ளைக்கா ஞாபகசக்தி போதாது? வாய்ப்பாடு தங்கியிருப்பது நெடுநாள் நினைவில். வாய்க்கணக்குக்கு வேண்டியது வேறு: ஒரு வேலையைச் செய்துகொண்டே, அதற்குத் தேவையானதைச் சில நொடிகள் நழுவாமல் பிடித்துவைத்திருக்கும் நினைவு. இதைத்தான் வொர்க்கிங் மெமரி, செயல்நினைவு என்கிறார்கள். பெரியவர்களுக்கே அதில் இடம் மிகக் குறைவு.

அவள் சொன்ன 533-ஐக் கொஞ்சம் பாருங்கள். ஏழும் ஆறும் பதின்மூன்று, மூன்று போட்டு மீதி ஒன்று. நாலும் எட்டும் அந்த ஒன்றும் பதின்மூன்று, மறுபடி மூன்று போட்டு மீதி ஒன்று. கடைசியில் மூன்றும் இரண்டும் ஐந்து. அந்த இரண்டாவது ‘மீதி ஒன்று’ மட்டும்தான் நழுவியிருக்கிறது. மற்றதெல்லாம் சரி. தாளில் இது நழுவாது, ஏனென்றால் மேலே எழுதிவைத்துவிடுகிறாள். பிரிட்டிஷ் உளவியலாளர் கிரஹாம் ஹிட்ச் 1978-ல் மனக்கணக்கை ஆராய்ந்து காட்டியதும் இதுதான். கேட்ட எண்களும் நடுவில் கிடைத்த விடைகளும் எவ்வளவு நேரம் மனதில் காத்திருக்கின்றனவோ, அவ்வளவுக்குப் பிழை கூடுகிறது.

‘மனசுல எட்டு, கையில ஆறு’ என்று நாமெல்லாம் கூட்டப் பழகினோமே, அது சரியான வழிதான். ஓர் எண்ணை விரலிடம் கொடுத்துவிட்டால் மனதில் அந்த அளவுக்கு இடம் மிச்சம். அதற்காகப் பிள்ளையைத் திட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பயமும் அதே இடத்தைத்தான் அடைத்துக்கொள்கிறது. கணக்கு என்றாலே பதறுகிறவர்களுக்குக் கணக்குப் போடும் நேரத்தில் செயல்நினைவு சுருங்குகிறது என்று 2001-ல் ஆஷ்கிராஃப்ட், கிர்க் இருவரும் காட்டினார்கள்.

வாய்க்கணக்கை ஒன்றாம் இடத்திலிருந்து தொடங்க வேண்டாம். அது தாளுக்கு ஏற்ற முறை. நூறிலிருந்து வரச் சொல்லுங்கள். முந்நூறும் இருநூறும் ஐந்நூறு. நாற்பதும் எண்பதும் நூற்றிருபது, ஆக அறுநூற்று இருபது. ஏழும் ஆறும் பதின்மூன்று, அறுநூற்று முப்பத்து மூன்று. கூட்டக் கூட்ட மனதில் வளர்வது ஒரே எண். தமிழில் எண்ணைச் சொல்வதும் இதே வரிசையில்தான், திருப்பிப் படிக்க வேண்டியதில்லை. அப்புறம், எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது ஒன்று உண்டு. முதல் படியிலேயே ‘ஐந்நூறுக்கு மேல்’ என்று தெரிந்துவிடுகிறது. 47-ம் 86-ம் நூறைத் தாண்டும் என்று பட்டதும் ‘அறுநூறுக்கு மேல்’ என்றாகிவிடும். இந்த உத்தேச மதிப்பு கையில் இருக்கிற பிள்ளை 533 என்று சொன்ன உடனே தானே திருத்திக்கொள்ளும்.

பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. செயல்நினைவுப் பயிற்சிகள் பற்றிய பல ஆய்வுகளை மெல்பி-லெர்வாக், ஹியூம் இருவரும் 2013-ல் தொகுத்துப் பார்த்தார்கள். பயிற்சி செய்த விளையாட்டிலும் அதைப் போன்றவற்றிலும்தான் முன்னேற்றம். அது கணக்குக்கு வந்து சேர்ந்ததாகத் தெரியவில்லை.

வீட்டில் பல்லாங்குழி இருக்கிறதா? குழியில் நான்கு காய் சேர்ந்ததும் எண்ணாமலே ‘பசு’ என்று எடுத்துவிடுகிறோம். 1871-ல் ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் ஒரு பெட்டியில் பீன்ஸ் விதைகளை வீசி, பார்த்த மாத்திரத்தில் எத்தனை என்று தானே சொல்லிப் பார்த்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை. மூன்றிலும் நான்கிலும் ஒரு தடவைகூடத் தப்பவில்லை. ஐந்திலிருந்துதான் பிழை தொடங்கியது. அதனால் உத்தேசமாக மதிப்பிடப் பழக, ஒரு கை புளியங்கொட்டையைத் தரையில் போட்டு, எண்ணுவதற்கு முன்னால் எத்தனை இருக்கும் என்று அவளைக் கேளுங்கள். நாலு நாலாகக் கண்ணால் பிரித்துப் பார்த்து அவள் ‘முப்பது இருக்கும்’ என்று சொல்லட்டும். பிறகு இருவரும் எண்ணிப் பாருங்கள். இரண்டு மூன்று கூடக்குறைய இருந்தால் அதைத் தப்பு என்று சொல்லிவிடாதீர்கள்.